அவுட் ஒஃப் ரேஞ்ச்: கல்லடிக் கடை நாட்குறிப்பு

மே 22, திங்கள்

காலையில் நோட்டீஸ், கார்ட் அடிக்கிற என் கடையைத் திறந்து கொம்பியூட்டரைப் போட்டால், கறுப்புத் திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் மூன்று வரி. ‘அவுட் ஒஃப் ரேஞ்ச்’, அதன் கீழே ‘எச் 64.0 கிலோஹேர்ட்ஸ்’, அதற்கும் கீழே ‘வி 60.0 ஹேர்ட்ஸ்’. பெட்டி கொஞ்ச நேரம் அங்குமிங்கும் இடம் மாறி நிற்கிறது. பிறகு மொனிட்டர் தூங்கிப்போகிறது, பச்சை லைட் மஞ்சளாகிறது. அவ்வளவுதான்.

சனிக்கிழமை பின்னேரம் விழுந்த இடியில் 19 அங்குல மொனிட்டர் போய்விட்டது. அலுமாரிக்கு மேலே கிடந்த பழைய 15 அங்குல எல்சிடியை இறக்கித் துடைத்துப் பூட்டியிருந்தேன். மாறியது மொனிட்டர் மட்டும். கொம்பியூட்டர்ப் பெட்டியும் பழசு, வயரும் பழசு.

போட்டவுடன் ஒன்றும் தெரியாமல் இருந்தால் விளங்கும். அப்படியில்லை. மதர்போர்ட் கொம்பனியின் படம் வருகிறது, வெள்ளை எழுத்துகள் ஓடுகின்றன, விண்டோஸ் 7இன் நாலு நிற வெளிச்சமும் ஒன்றுகூடிக் கொடியாக விரிகிறது. அதற்குப் பிறகுதான் இருட்டு. அந்த இருட்டுக்குள்ளேயும் ஸ்பீக்கரில் விண்டோஸ் தொடங்கும் சத்தம் வழக்கம்போலக் கேட்கிறது. உள்ளே வேலை நடக்கிறது, என் கண்ணுக்குத்தான் காட்டுகிறதில்லை.

பத்து மணிபோல, கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர் ஐயா வந்தார். அம்மன் கோயில் சடங்கு நோட்டீஸ். கதவு திறத்தல், கல்யாணக்கால், குளிர்த்தி எல்லாம் நாள் குறித்தாயிற்று, ஊருக்குக் கொடுக்க வேண்டும்.

“என்ன பிள்ளை, கரண்ட் இல்லையா?”

“கரண்ட் இருக்கு ஐயா. மொனிட்டர்தான் என்னவோ சொல்லுது.”

“என்னவாம்?”

“ரேஞ்சுக்கு வெளியே போயிற்றாம்.”

“ஆரு போனது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. நியாயமான கேள்விதான்.

மே 23, செவ்வாய்

பெட்டியை ஆட்டோவில் ஏற்றி, பாலம் கடந்து மட்டக்களப்பு டவுனில் ஒரு திருத்துகிற கடைக்குக் கொண்டுபோனேன். கடையின் பெயர் இங்கே தேவையில்லை. அங்கிருந்த தம்பி தன்னுடைய பெரிய மொனிட்டரில், தன்னுடைய வயரில் பூட்டிப் போட்டார். பளிச்சென்று வந்தது. என் டெஸ்க்டொப், என் பழைய நோட்டீஸ்கள், எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன.

அதைப் பார்த்துக்கொண்டே அவர் சொல்கிறார்: “அக்கா, விஜிஏ கார்ட் வீக் போல. ஒருக்கா விண்டோஸ் அடிச்சுப் பார்ப்பம்.”

விஜிஏ கார்ட் என்றால் படத்தை மொனிட்டருக்கு அனுப்புகிற பாகம். வருகிற படத்தை வைத்துக்கொண்டு படம் வராததற்கு வைத்தியம் சொல்கிற தைரியம் எல்லாருக்கும் வராது. வேண்டாம் தம்பி என்று பெட்டியைத் திருப்பித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

விண்டோஸ் அடிக்கிறது, அதாவது அழித்துவிட்டுப் புதிதாகப் போடுகிறது என்றால் மற்றவர்களுக்கு ஒரு மணித்தியால வேலை. எனக்கு அப்படியில்லை. இந்தப் பெட்டியில் பக்கம் வடிவமைக்கிற மென்பொருளான பேஜ்மேக்கர் 7.0 இருக்கிறது. 2001இல் வந்த பதிப்பு, அதற்கு மேல் 8 என்று ஒன்று வரவேயில்லை. அதில் பாமினி எழுத்தில் அடித்த கல்யாணக் கார்டுகள், கண்ணீர் அஞ்சலிகள், சடங்கு நோட்டீஸ்கள் கிடக்கின்றன. பாமினி யூனிகோட் இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த பழைய எழுத்துரு. அது இல்லாத மெஷினில் திறந்தால் அம்மன் பெயரே ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும். விண்டோஸ் 7ஐ மைக்ரோசொப்ட் 2020 ஜனவரி 14உடன் கைவிட்டுவிட்டது, எனக்கும் தெரியும். இன்டர்நெட் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். இந்த வேலைக்கு அது போதும்.

மே 24, புதன்

போட்டோகொப்பி மட்டும். டோஹாவிலிருந்து அண்ணன் வட்சப்பில்: “60 ஹேர்ட்ஸுக்குக் குறை, சரிவரும்.” திரையே 60 என்றுதானே எழுதிக் காட்டுகிறது. இன்னும் எங்கே குறைக்க?

மே 25, வியாழன்

அண்ணனின் மகன் ஏஎல் (உயர்தரம்) படிக்கிறான், பாடங்களில் ஒன்று ஐசிடி, கொம்பியூட்டர்ப் பாடம். டியூசன் முடிந்து வந்தவன் பெட்டியைத் தொடவேயில்லை. மொனிட்டரின் பின்னால் இருந்த நீலத் தலை விஜிஏ வயரைக் கழற்றிவிட்டு, மொனிட்டரை மட்டும் போட்டான். பெட்டியின் பிளக்கே சுவரில் இல்லை. திரையில் அதே மாதிரிச் சின்னப் பெட்டி, அதே எழுத்து, உள்ளே மட்டும் வேறு வாசகம்: ‘நோ சிக்னல்’.

“மாமி, இப்ப ஆர் பேசினது?”

மொனிட்டர். விண்டோஸும் இல்லை, கார்டும் இல்லை. மொனிட்டருக்குள்ளேயே ஒரு சின்ன சிப்பும் சில வாசகங்களும் இருக்கின்றன. வெளிச்சத்தைக் கூட்டக் குறைக்கப் பட்டனை அமத்தினால் வருமே ஒரு மெனு, அதே ஆள்தான் இந்தச் செய்தியையும் எழுதுகிறது. சிக்னல் வராவிட்டால் ‘நோ சிக்னல்’. சிக்னல் வந்து, அதைத் தன்னால் காட்ட முடியாவிட்டால் ‘அவுட் ஒஃப் ரேஞ்ச்’. சில கொம்பனிகள் அதையே ‘இன்புட் நொட் சப்போர்ட்டட்’ என்று போடும். ஆக, என் மொனிட்டர் சொன்னது முறைப்பாடு என்றாலும் அதற்குள் மூன்று நல்ல செய்தி இருக்கிறது: மொனிட்டருக்கு உயிர் இருக்கிறது, வயரில் படம் வருகிறது, கார்ட் அனுப்புகிறது. கார்ட் வீக் என்றால் 64.0 என்று அளந்து சொல்ல அங்கே என்ன இருந்திருக்கும்?

அடுத்தது அந்த எண்கள். எல்லாரும் கீழ் வரியைத்தான் பார்க்கிறார்கள். அது ஒரு வினாடிக்கு எத்தனை தரம் முழுப் படமும் வரையப்படுகிறது என்பது. 60, அதில் ஒரு குறையும் இல்லை. வில்லங்கம் மேல் வரியில். அது ஒரு வினாடிக்கு எத்தனை கிடைக்கோடு வரையப்படுகிறது என்ற கணக்கு. மருமகன் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினான். 19 அங்குலத்துக்கு நான் வைத்திருந்தது 1280க்கு 1024 புள்ளி. கண்ணுக்குத் தெரிவது 1024 கோடு, ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் தெரியாத கோடு 42 சேர்ந்து போகிறது. மொத்தம் 1066. அதை 60ஆல் பெருக்க 63,960. அதாவது 64.0 கிலோஹேர்ட்ஸ். திரையில் இருந்த அதே எண்!

அந்த 42 கோடு என்னத்துக்கு என்று கேட்டேன். பழைய குழாய் மொனிட்டரில் மின்கதிர் அடியிலிருந்து திரும்ப உச்சிக்குப் போக நேரம் வேண்டும், அதற்கு விட்ட இடைவெளி. எல்சிடியில் கதிரே கிடையாது. பழக்கம் மட்டும் நிற்கிறது.

மொனிட்டர் வந்த மட்டைப்பெட்டியை நான் எறியவில்லை (எங்கள் வீட்டில் ஒருவரும் மட்டைப்பெட்டி எறிவதில்லை). அதற்குள் இருந்த தாளில்: கிடை 30 முதல் 61 கிலோஹேர்ட்ஸ், நிலை 56 முதல் 75 ஹேர்ட்ஸ், ஆகக்கூடியது 1024க்கு 768. 64 எங்கே, 61 எங்கே. வண்ணக்கர் ஐயாவுக்கு இப்போது பதில் சொல்லலாம்: வெளியே போனது மேல் வரி.

தொடக்கப் படங்கள் வந்ததற்கும் காரணம் இதுதான். போட்டவுடன் வரும் வெள்ளை எழுத்துகள் 720க்கு 400 என்ற பழைய முறை, 31.5 கிலோஹேர்ட்ஸ். 1987இல் ஐபிஎம் விஜிஏயைக் கொண்டுவந்த காலத்து அளவு, அதை விளங்காத விஜிஏ மொனிட்டர் இல்லை. விண்டோஸ் எழும்பி, தனக்குச் சொல்லிவைத்த 1280க்குத் தாவும்போதுதான் மொனிட்டர் கையை விரிக்கிறது. விரிப்பதும் நல்லதுக்குத்தான். ஒரே வேகத்துக்கென்று செய்த அந்தக் காலத்துக் குழாய் மொனிட்டர்களில் கூடாத வேகத்தைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் பாகமே பழுதாகலாம். இது படத்தை மறைத்துவிட்டு விசயத்தையாவது சொல்கிறது.

மே 26, வெள்ளி

செய்த வேலை சின்னது. பெட்டியைப் போட்டு, விண்டோஸ் படம் வருவதற்கு முன் எஃப்8ஐத் தட்டிக்கொண்டே இருக்க ஒரு கறுப்பு மெனு வந்தது. அதில் ‘எனேபிள் லோ ரெசொலூஷன் வீடியோ’ என்ற வரியைத் தெரிவு செய்து என்டர். 640க்கு 480இல் எழும்பியது. ஐகன் ஒவ்வொன்றும் இடியப்பத் தட்டு அளவு, ஆனால் தெரிகிறது. டெஸ்க்டொப்பில் வலது கிளிக் கொடுத்து, ஸ்கிரீன் ரெசொலூஷனில் 1024க்கு 768 வைத்து, திரும்பப் போட்டேன். வந்துவிட்டது. அதே கணக்கில் இது 806 கோடு, 60ஆல் பெருக்க 48.4 கிலோஹேர்ட்ஸ். 61க்கு நல்ல கீழே.

விண்டோஸ் 10 வைத்திருக்கிறவர்கள் எஃப்8ஐத் தட்டிக் களைக்க வேண்டாம், அங்கே அது சும்மா வேலை செய்யாது. சைன் இன் திரையாவது தெரிகிற வேறு மொனிட்டர் ஒன்றில் பூட்டி, ஷிப்டை அமத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, ஸ்டார்ட்அப் செட்டிங்ஸுக்குப் போய் 3ஐ அமத்த வேண்டும். வேறு மொனிட்டர் கிடைத்தால் அதிலேயே ரெசொலூஷனைக் குறைத்துவிட்டு வருவது இன்னும் சுகம். மாற்றியதும் ‘வைத்துக்கொள்ளவா’ என்று விண்டோஸ் கேட்கும். 15 வினாடிக்குள் ஓம் சொல்லாவிட்டால் தானாகப் பழையதுக்குத் திரும்பிவிடும். திரை இருண்டால் ஒன்றையும் தட்டாமல் கையைக் கட்டிக்கொண்டிருந்தாலே போதும்.

நோட்டீஸ் இரவு எட்டு மணிக்கு முடிந்தது. சின்னத் திரையில் பேஜ்மேக்கரின் பெட்டிகள் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்வதால் இழுத்து இழுத்துக் கண் போய்விட்டது. வண்ணக்கர் ஐயா மூக்குக் கண்ணாடியைப் போட்டு, உபயகாரர் பெயரை மூன்றாம் வரியிலிருந்து இரண்டாம் வரிக்கு ஏற்றச் சொன்னார். ஏற்றினேன். ஆயிரம் பிரதி.

மே 27, சனி

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. மொனிட்டரை மாற்றினால் விண்டோஸ் தானாகப் பார்த்து அளவைக் குறைத்திருக்க வேண்டும். ஏன் செய்யவில்லை?

மருமகன் ஸ்கிரீன் ரெசொலூஷன் பக்கத்தைத் திறந்து மொனிட்டரின் பெயரைக் காட்டினான். ‘ஜெனரிக் நொன் பிஎன்பி மொனிட்டர்’. அப்படியென்றால் எதிரில் யார் இருக்கிறார் என்று பெட்டிக்குத் தெரியாது. சாதாரணமாக ஒவ்வொரு மொனிட்டரும் தன் கொம்பனி, தன் மொடல், தான் தாங்கும் அளவுகள் எல்லாவற்றையும் 128 பைட் துண்டு ஒன்றில் எழுதி வைத்திருக்கும். ஈடிஐடி என்பார்கள். அதை வாசிக்கிற வழி அதே விஜிஏ வயருக்குள்தான் போகிறது. 15 பின்னில் 12ஆவது தகவலுக்கு, 15ஆவது அதன் தாளத்துக்கு. படம் போகிற பின்கள் வேறு. அதனால் 12 போனாலும் படம் வரும், அறிமுகம் மட்டும் நடக்காது. கிளினிக் கொப்பியை வீட்டில் விட்டுவிட்டுப் போன நோயாளிக்குப் பழைய குளிசையையே திருப்பி எழுதிக் கொடுப்பது மாதிரி, விண்டோஸ் பழைய 1280ஐயே திருப்பிக் கொடுத்திருக்கிறது.

வயரைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தோம். மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து. கீழ் வரிசையில் இரண்டாவது பின் மற்றவற்றைவிடக் கட்டை. நுனி பச்சை பூத்து, நகத்தால் தொடத் தூளாக உதிர்ந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் கல்லடி. எங்கள் கேற்றின் பிணைச்சலுக்கு நடப்பதுதான் இதற்கும் நடந்திருக்கிறது. நடு வரிசையில் ஒரு ஓட்டை வெறுமையாக இருந்தால் அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 9ஆவது பின் இல்லாமலே வருகிற வயர்கள் உண்டு.

19 அங்குலம் அந்த வயரிலேயே ஓடியது எப்படி என்றால், அப்போது 1280ஐக் கையால் வைத்தது. அது தாங்கியது, அதனால் ஒருவரும் கேட்கவில்லை.

புது வயர் வாங்கிப் பூட்டினோம். மொனிட்டரின் சொந்தப் பெயர் வந்தது. ரெசொலூஷன் பட்டியலும் 1024க்கு 768உடன் நின்றுகொண்டது, அதற்கு மேல் இழுத்தாலும் போகவில்லை.

மே 30, செவ்வாய்

ஆரையம்பதியிலிருந்து ஒரு டீச்சர் போன் பண்ணினா. நோட்டீஸ் எடுக்க வந்தவர்கள் வழியாக என் மொனிட்டர் கதை அங்கேயும் போயிருக்கிறது. அவவின் லப்டொப்பை புரொஜெக்டரில் பூட்டினால் திரையில் செய்தி வருகிறதாம், அவுட் ஒஃப் ரேஞ்ச் தானே?

“எண் ஏதும் காட்டுதா டீச்சர்?”

“எண் இல்லை. நோ சிக்னல் எண்டுதான் கிடக்கு.”

அப்போ அது வேறு. அங்கே சிக்னலே போகவில்லை. வயரை இரண்டு பக்கமும் அமத்திப் பூட்டி, புரொஜெக்டரின் சோர்ஸ் பட்டனில் சரியான வாசலைத் தெரிவு செய்து, லப்டொப்பில் விண்டோஸ் கீயுடன் பியைத் தட்டி ‘டூப்ளிகேட்’ வையுங்கள் என்றேன். பாதியிலேயே, “ஆ, வந்திற்று, வந்திற்று” என்று போனை வைத்துவிட்டா. எது சரிவந்தது என்று கேட்க விடவில்லை.