காஸ் மூடினேனா?

மார்ச் 8, ஞாயிறு

பகல் இரண்டு மணி. கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் நானும் அம்மாவும். செய்ய வேலை இல்லை, இருந்தாலும் செய்ய மனமில்லை. ஃபோனை எடுக்கிறேன், வைக்கிறேன். ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. இப்படி அலுத்துப்போய் இருக்கும் நேரத்தில்தான் அந்த நினைப்பு வந்து குந்தும்: காஸ் மூடினேனா?

ஆறு தரம் போய்ப் பார்த்தேன். சிலிண்டர் தலையில் இருக்கும் குமிழைத் தொட்டு, அழுத்தி, குனிந்து மணந்தும் பார்த்தேன். ஹாலுக்குத் திரும்பி வருவதற்குள் பார்த்தது பொய்போல ஆகிவிடுகிறது. "பிள்ளை, நான்தானே மூடினனான்" என்றார் அம்மா. நிம்மதி. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கேட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

எனக்கு இருப்பது ஓ.சி.டி., வேண்டாத நினைப்பு திரும்பத் திரும்ப வந்து வாட்டும் நோய். போய்ப் பார்ப்பதும் அம்மாவைக் கேட்பதும் ஒன்றுதான் என்றார் டாக்டர். அந்த நேரத்துக்குப் பதற்றம் இறங்கும், அடுத்த சந்தேகத்துக்கு அதுவே தீனி. சந்தேகத்தை வர விட்டு, பார்க்கப் போகாமல் இருந்து பழக வேண்டுமாம். விக்டர் மேயர் என்ற உளவியலாளர் 1966இல் எழுதியதிலிருந்து வளர்ந்த சிகிச்சை இது. கேட்கச் சின்ன விஷயம். செய்ய உயிர் போகிறது.

மார்ச் 12, வியாழன்

100ஆம் இலக்க பஸ்ஸில் வாசித்தேன். 1978இல் உளவியலாளர்கள் ராக்மனும் நம் இலங்கையரான பத்மால் டி சில்வாவும் செய்த ஆய்வு. நோய் இல்லாதவர்களுக்கும் இதேபோல வேண்டாத நினைப்புகள் வருகின்றனவாம். எத்தனை தரம் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எவ்வளவு வாட்டுகிறது என்பதில்தான் வித்தியாசம். கண் கலங்கிவிட்டது. பக்கத்து சீட்டு அன்ரிக்கும் ஏதோ ஒன்று வந்துபோகும்தானே!

மார்ச் 14, சனி

நான் கேட்டால் பதில் சொல்ல வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன். "அதுதான் பிள்ளை எனக்குக் கஷ்டம்" என்றார்.

மார்ச் 22, ஞாயிறு

போன கிழமை முழுக்க அலுப்பே வராமல் வேலைகளால் அடைத்துப் பார்த்தேன். அதுவும் ஓட்டம்தான். இன்று அலுப்பை அப்படியே விட்டேன். தரையில் இருந்து அம்மாவோடு முருங்கை இலை உருவினேன். மூன்று மணிக்கு வந்த நினைப்பு, மூன்றே முக்காலுக்கும் போகவில்லை. உள்ளங்கை வேர்த்து இலை ஒட்டியது. "அம்மா, காஸ்..." என்று வாய்வரை வந்துவிட்டது.

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அடுத்த கொப்பை எடுத்து என் பக்கம் வைத்தார்.