நெஞ்சுவலி மாத்திரையும் தண்ணி மாத்திரையும்

இதயம் பலவீனமானவரை வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் ஒரு பை நிறைய மருந்து கொடுத்துவிடுவார்கள். அதில் வீட்டில் அதிகம் தப்பாவது இரண்டு: நெஞ்சுவலிக்கு நாக்குக்கடியில் வைக்கும் ஜி.டி.என். (கிளிசரில் டிரைநைட்ரேட்), உடம்பில் தேங்கும் தண்ணீரைச் சிறுநீராக வெளியேற்றக் காலையில் போடும் ஃபுரோசமைட், அதாவது தண்ணி மாத்திரை.

ஜி.டி.என். பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் வரும் 0.5 மில்லிகிராம் குட்டி மாத்திரை. மருந்து மெல்ல ஆவியாகிவிடும், பிளாஸ்டிக்கும் பஞ்சும் அதை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் திங்கள், செவ்வாய் என்று கட்டம் போட்ட டப்பாவில் மற்ற மாத்திரைகளோடு போட்டு வைக்கக் கூடாது. புட்டியைத் திறந்த தேதியை லேபிளில் எழுதுங்கள். 8 வாரம் கழித்து மிச்சம் இருந்தாலும் புதுசு வாங்க வேண்டியதுதான். கோலாலம்பூர் வெயிலில் காருக்குள் கிடந்த புட்டியை நம்பவே வேண்டாம்.

வலி வந்தால் முதலில் உட்கார வையுங்கள். நின்றுகொண்டே போட்டால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி விழுந்துவிடுவார். வாய் காய்ந்திருந்தால் ஒரு மடக்குத் தண்ணீரில் நனைத்துவிட்டு ஒரு மாத்திரையை நாக்குக்கடியில் வைக்க வேண்டும். விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரலே அழித்துவிடும். கடிகாரத்தைப் பாருங்கள்: 5 நிமிடத்தில் வலி குறையவில்லையா, மலேசிய அவசர எண் 999-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை 5 நிமிடத்துக்கு ஒன்றாக, மொத்தம் 3 வரை போடலாம். தலை விண்விண்ணென்று வலிப்பது மருந்தின் வேலைதான், பயப்பட வேண்டாம்.

ஆண்மைக்குறைவு மருந்துகளான சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரமோ, தடலாஃபில் எடுத்து 48 மணி நேரமோ ஆகாதவருக்கு ஜி.டி.என். கொடுக்கவே கூடாது. கூச்சத்தில் மறைப்பார்கள், கேட்டே ஆக வேண்டும். ஆண்மைக்கென்று விற்கும் காப்பித்தூளில் இதே மருந்துகள் கலந்திருந்ததை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

"காஸ்ட்ரிக்தான்" என்று மின்யாக் அங்கின் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு உட்காருவது நம்மவர்களின் பழைய வியாதி. சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல், குப்பென்று வியர்த்து மூச்சு வாங்குவது மட்டும்கூட மாரடைப்பாக இருக்கலாம்.

தண்ணி மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி, ஆறு மணி நேரம் போல ஓடும். இரண்டு வேளை எழுதியிருந்தால் இரண்டாவதைப் பிற்பகல் 2 மணி வாக்கில் போடுங்கள். இரவில் போட்டால் தூக்கமும் கெடும், இருட்டில் பாத்ரூமுக்கு நடந்து விழவும் நேரும். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போகிற நாளில் பலர் அதை விட்டே விடுகிறார்கள். விட வேண்டாம், திரும்பி வந்து 4 மணிக்குள் போட்டுக்கொள்ளலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் மட்டும் கதை வேறு: அன்றே கிளினிக்குக்குப் போன் செய்து, எதையெல்லாம் நிறுத்த வேண்டும் என்று மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) கேளுங்கள்.

மருந்து போதுகிறதா என்பதை எடை சொல்லும். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, பசியாறுவதற்கு முன், ஒரே தராசில் நிறுங்கள். தராசு பாயில் அல்ல, வெறும் தரையில் இருக்க வேண்டும். அந்த எண்ணைச் சுவரில் மாட்டியிருக்கும் குதிரைக் காலண்டரில் அன்றைய கட்டத்தில் குறித்து வையுங்கள். 3 நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். முன்னங்கால் எலும்பின் மேல் கட்டைவிரலை 5 விநாடி அழுத்தி எடுத்தால் குழி நிற்கும். படுத்தால் மூச்சு முட்டுவதால், இரண்டு தலையணையில் தூங்கியவர் மூன்று கேட்பார். இதில் எது தெரிந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது.

உப்பு நாளுக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன் அளவு. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸிலேயே 2 கிராமுக்கு மேல் போய்விடும். பினாங்கு நாசி கண்டார் சோற்றில் குழம்பை 'பஞ்சிர்' (வெள்ளமாக) ஊற்றச் சொல்பவர்கள் கணக்கைத் தாங்களே போட்டுக்கொள்ளட்டும். 'சோடியம் குறைந்த உப்பு' நல்லதென்று வாங்குவதும் ஆபத்து. அதில் பொட்டாசியம் இருக்கிறது. ஸ்பைரோனோலாக்டோன், பெரின்டோப்ரில் என்ற இதய மாத்திரைகளை எடுப்பவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறும்.

மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், பொன்ஸ்டான் கூடவே கூடாது. இரண்டும் உடம்பில் உப்பையும் தண்ணீரையும் தேக்கி, தண்ணி மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். பாரசிட்டமோல் போதும். இதயத் துடிப்பைக் குறைக்கும் பிசோப்ரோலோலைத் திடீரென நிறுத்தக் கூடாது. பெரின்டோப்ரிலில் வறட்டு இருமல் வந்தால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். சாக்குபிட்ரில்-வால்சார்டான் என்ற வேறு இதய மாத்திரைக்கு மாற்றினால், கடைசி பெரின்டோப்ரிலுக்குப் பிறகு 36 மணி நேரம் இடைவெளி விட்டே தொடங்க வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய பெரின்டோப்ரில் பட்டையை அன்றே பார்மசியில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.