மழை பெய்யும்போதே மாதிரி எடுங்கள்

நகரத்து மழைநீர் வடிகால் ஒரு ஆற்றை என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமானால், மாதம் ஒருமுறை வெயில் காயும் நாளில் போய் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து வருவதில் பயனே இல்லை. மழை தொடங்கிய முதல் ஒரு மணி நேரம்தான் முக்கியம். அதுவரை சாலையில் படிந்து கிடந்த எண்ணெய், பிரேக் தேய்ந்து உதிர்ந்த செம்புத் தூள், டயர் துகள், தகரக் கூரையின் துத்தநாகம், நாய்க் கழிவு எல்லாம் பெரும்பாலும் அந்த முதல் ஓட்டத்தில்தான் அடித்துக்கொண்டு வருகின்றன. கறுத்து, நுரை கட்டி, மேலே எண்ணெய்ப் படலம் மினுங்க வரும் அந்தத் தண்ணீரையும், கொஞ்ச நேரம் கழித்துத் தெளிந்து வருவதையும் தனித்தனிப் பாட்டிலில் பிடித்துப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

சரி, நடுராத்திரி மழைக்கு யார் போய் நிற்பது? நீர்மட்டம் ஏறியதும் தானாகவே மாதிரி எடுக்கும் கருவிகள் அதற்குத்தான். அப்புறம், ஓட்டத்தின் அளவையும் சேர்த்தே அளக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆற்றுக்குள் மொத்தம் எத்தனை கிலோ மாசு போனது என்று சொல்ல முடியாது.

ஆய்வகத்தில் தேடும் ரசாயனங்களின் பட்டியலை மட்டும் நம்பவும் கூடாது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மழைக்குப் பின் கோஹோ சால்மன் மீன்கள் ஓடைகளில் செத்துக்கொண்டே இருந்தன. டயர் ரப்பரில் சேர்க்கும் ஒரு பொருள் ஓசோனோடு வினைபுரிந்து உண்டாகும் நஞ்சுதான் காரணம் என்பது 2020-இல்தான் வெளியானது. எந்தப் பட்டியலிலும் அது இருந்ததில்லை. அதனால்தான் வடிகால் சேரும் இடத்துக்கு மேலேயும் கீழேயும் கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிப் புழுக்களையும் எண்ணச் சொல்கிறேன். மேலே பல வகை இருந்து, கீழே அழுக்கைத் தாங்கும் சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிந்தால், ஆய்வக முடிவு எப்படி இருந்தாலும் அந்த வடிகாலைச் சும்மா விடக்கூடாது.