கோத்தகிரிக்கு ஒரு இரும்புக் காட்டெருமை?

டானிங்டன் பக்கம் பிரம்மாண்டமாக ஒரு இரும்புக் காட்டெருமை வைத்தால் கோத்தகிரிக்கே அடையாளமாகிவிடும் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கிளப்பிவிட்டார். கூடவே இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில் நிற்கும் ஏஞ்சல் ஆஃப் தி நார்த் என்ற எஃகுத் தேவதைச் சிலையின் படம். துரு நிறத்திலேயே நிற்கிறது, பெயின்ட் செலவே கிடையாது, நாமும் அப்படியே செய்யலாமே என்றார். வெல்டிங் பட்டறைக்காரன் நான் ஒருத்தன் இருக்கிறேனே, உடனே என்னை இழுத்துவிட்டார்கள்.

சிலை எனக்கும் பிடிக்கும். சிற்பி ஆன்டனி கோர்ம்லி தன் உடம்பையே அச்செடுத்து வடிவமைத்தது, 1998-இல் நிறுத்தினார்கள். 20 மீட்டர் உயரம், இறக்கை 54 மீட்டர், எடை சுமார் 200 டன். பழைய நிலக்கரிச் சுரங்கம் இருந்த மேடு அது, காற்று பிய்த்துக்கொண்டு போகும் என்பதால் அடியில் 600 டன் கான்கிரீட் போட்டுப் பாறைவரை இறக்கியிருக்கிறார்கள். வைக்கும் முன் உள்ளூர்க்காரர்களே கடுமையாக எதிர்த்தார்கள். வைத்த அதே வருஷம் கால்பந்து ரசிகர்கள் அதற்கு ராட்சத ஜெர்சி ஒன்றை மாட்டிவிட்டார்கள், என்னைக் கேட்டால் சிலை ஊருக்குச் சொந்தமானது அன்றைக்குத்தான்.

ஆனால் அந்தத் துரு வேறு துரு. கொஞ்சம் தாமிரம் கலந்த எஃகு அது, நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து என்று போகப்போக மேலே இறுக்கமாக ஒரு படலம் பிடிக்கும், அதுவே உள்ளிருக்கும் இரும்பைக் காக்கும். இதில் காய்வதுதான் முக்கியம். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி இறங்கினால் பட்டறைக் கதவில் கை வைத்தாலே நாள் முழுக்க ஈரம். இப்படி ஓயாமல் நனைந்துகொண்டே இருந்தால் அந்தப் படலம் ஒழுங்காகப் பிடிக்காது. சாதாரண இரும்பில் செய்தாலோ கேட்கவே வேண்டாம், பழைய கூரைத் தகரத்தை நகத்தால் கீறிப் பாருங்கள், செதில் செதிலாக உதிர்ந்து சட்டையெல்லாம் செம்மண் நிறமாகும்.

அப்புறம், தேவதையின் உடலும் இரண்டு இறக்கைகளும் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் தயாராகி மூன்றே துண்டுகளாகச் சாலையில் போனவை. ஒரு இறக்கையே ஏறக்குறைய 25 மீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் கொண்டை ஊசி வளைவில் அதைத் திருப்பும் டிரைவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து கும்பிடுகிறேன்.

நமக்குச் சரிப்படுவது ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க்கில் இருக்கும் கெல்பீஸ் முறைதான். ஆண்டி ஸ்காட் செய்த இரண்டு குதிரைத் தலைகள், 30 மீட்டர் உயரம், உள்ளே எஃகுச் சட்டம், வெளியே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகள், எல்லாம் அந்த இடத்திலேயே பூட்டியது. நமக்கு அவ்வளவு உயரம் வேண்டாம், ஆறேழு மீட்டர் போதும், தகடுகளைச் சின்ன லாரியிலேயே ஏற்றிவிடலாம். செலவு கூடத்தான் ஆகும். துரு தொல்லை குறைந்தாலும் பாசி விடாது, வருஷா வருஷம் சாரம் கட்டித் தேய்க்க யார் பணம் தருவது என்பதையும் குழுவில் இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.