மணியும் சிறுவிடைக் கோழிகளும்

என் நாய் மணி சிப்பிப்பாறை, முயல் வேட்டைக்கென வளர்த்த இனம். அவனை வைத்துக்கொண்டு கொல்லையில் சிறுவிடை என்கிற சின்ன நாட்டுக்கோழியும் வளர்க்கப் போகிறேன் என்றதும் அப்பா சிரித்தார். முதல் வாரமே ஒரு விடைக்கோழி போனது. தப்பு மணி மேல் இல்லை, அவிழ்த்துவிட்ட என் மேல்தான்.

அப்புறம் 3 மாதம் தினமும் இதே வேலை. காலையில் காட்டுப் பக்கம் நன்றாக ஓடவிட்டுக் கூட்டி வருவேன். கோழிகளைப் பஞ்சாரக் கூடையால் கவிழ்த்துவிட்டு, மணியைக் கயிற்றோடு 20 அடி தள்ளி உட்கார வைப்பேன். கோழியைப் பார்த்துவிட்டு என் முகத்தைத் திரும்பிப் பார்த்தால் அவித்த ஈரல் ஒரு துண்டு. உடம்பு விறைத்து வெறித்துப் பார்த்தால் இன்னும் 10 அடி பின்னால் போய்விடுவோம். அடிக்கவே இல்லை. அடி வாங்கிய நாய் நான் இல்லாத நேரம் பார்த்துத் துரத்தும், அவ்வளவுதான்.

கோழி மேயும்போது பிரச்சினை இல்லை. சிறகடித்து ஓடும்போதுதான் மணிக்குக் கை கால் நிற்காது. அந்த 3 மாதத்தில் பாதி அதற்கே போனது.

நேற்று குஞ்சோடு மேய்ந்த தாய்க்கோழி மணி மூக்கில் ஒரு கொத்து வைத்தது. திண்ணையடியில் போய்ப் படுத்தவன் சோற்றுக்குத்தான் எழுந்தான்.

வெளியே போகும்போது இன்னும் கட்டிப்போட்டுத்தான் போகிறேன்.