தையல்காரர் காரக்கை ஏன் நாடு கடத்தினார்கள்?

'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் விண்வெளி நிலையத்தில் துணி தைத்துக்கொண்டிருக்கும் முன்னாள் உளவாளி காரக்கை, அவருடைய சொந்தக் கிரகமான கார்டாசியா ஏன் துரத்தியது? 1994இல் வந்த 'தி வயர்' எபிசோடில், தலைக்குள் பதித்த கருவி பழுதாகிச் சாகக் கிடக்கும்போதுகூட டாக்டர் பஷீரிடம் மூன்று விதமாகக் கதை விடுகிறார். மூன்றிலும் ஈலிம் என்றொரு ஆள் வருகிறான். கடைசியில் பார்த்தால் ஈலிம் என்பது காரக்கின் சொந்தப் பெயரே! ஆசாமி லேசுப்பட்டவர் இல்லை.

பசியில் வாடிய பஜோரன் (கார்டாசியா அடக்கி ஆண்ட இனம்) சிறுவர்களை இரக்கப்பட்டு விடுவித்துவிட்டதாகச் சொல்லும் இரண்டாவது கதையில்தான் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்பது என் கணிப்பு. அதைச் சொல்லும்போதுதான் அவ்வளவு ஆத்திரம். ஆனால் ஈலிம் முந்திக்கொண்டு அவரைக் காட்டிக்கொடுத்த மூன்றாவது கதையையும் தள்ள முடியவில்லை. தன்னைத் தானே மாட்டிவிட்டுக்கொண்டாரோ? 1999இல் தொடர் முடியும்வரை வாயைத் திறக்கவில்லை மனுஷன்.