“பேட்ச் பிரிக்கட்டுமா டாக்டர்?”

சிஸ்டர் கேட்டது இந்த ஒரு கேள்விதான். ஓட்டையை அடைக்க வைக்கும் துண்டுதான் பேட்ச். “வேண்டாம் சிஸ்டர், இழுத்தா வந்துடும்” என்றேன். அதற்குப் பிறகு உதரவிதானத்தில், அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரையில், விழுந்த வேறு சில ஓட்டைகளையும் மூடியிருக்கிறேன். ஆனால் இந்தக் கேள்வியும் என் பதிலும் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

வயிற்றின் பின்பக்கம், இடதுபுறம் வளர்ந்திருந்த சார்கோமா என்ற புற்றுக்கட்டி. மண்ணீரல், பெருங்குடல் வளைவு, உதரவிதானம் மூன்றோடும் ஒட்டியிருந்தது. இந்தக் கட்டியைச் சுரண்டிப் பிரிக்கக் கூடாது, ஒட்டியவற்றோடு ஒரே துண்டாக எடுக்க வேண்டும். சார் அதை அழகாகச் செய்து முடித்தார், குடலையும் சேர்த்துத் தைத்தார். “டயாஃப்ரத்தை நீங்க மூடிடுங்க” என்று சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றினார். ஓட்டை 7 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம். அதன் வழியாக நுரையீரலின் அடிப்பகுதி மூச்சுக்கு ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

சின்ன ஓட்டையென்றால் ஓரங்களைச் சேர்த்து நேராகத் தைத்துவிடலாம். பெரிய ஓட்டைக்குக் கோர்-டெக்ஸ் என்ற செயற்கைப் பொருளால் ஆன பேட்ச், அல்லது வலை. நடுவில் இருப்பவற்றுக்கு அளவுகோல் கிடையாது, கைதான் சொல்ல வேண்டும். அன்று இன்னொரு சிக்கலும் இருந்தது. குடலைத் திறந்திருந்தோம். அதே இடத்தில் செயற்கைப் பேட்ச்சை வைத்து, அதில் கிருமி ஏறிவிட்டால் மருந்தால் மட்டும் சமாளிப்பது கடினம். பெரும்பாலும் பேட்ச்சையே எடுக்க வேண்டிவரும். நெஞ்சுக்கூட்டுக்குள் சீழ், மறுபடியும் ஓட்டை. ஆகவே என் “வேண்டாம்” யோசிக்காமல் சொன்னது அல்ல. இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, ஆனால் மூன்றாவது தையல்?

உதரவிதானத்தின் நடுப்பகுதி தசைநாண்; ஊசி ஏறினால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். விளிம்புப் பக்கம் வெறும் தசை. முதல் இரண்டு முடிச்சுகள் சரியாக உட்கார்ந்தன. மூன்றாவதை இறுக்கும்போது தசை வெளுத்தது. ஊசித்துளை மெல்ல நீண்டு ஒரு கோடாக ஆனது, நைந்த துணியில் தையல் இழுபடுவது போல. சிஸ்டர் கேட்டது அந்த நொடியில்தான். நான் அந்தப் புரோலீன் நூலை வெட்டி எடுத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஆழமாக ஒரு தையல் போட்டேன். வந்துவிட்டது.

கடைசி முடிச்சுக்கு முன் ஓட்டை வழியாக ஒரு ரப்பர் குழாயை விட்டு, மயக்க மருத்துவரை நுரையீரலை விரித்துப் பிடிக்கச் சொல்லி, காற்றை உறிஞ்சிக்கொண்டே குழாயை உருவி முடிச்சிட்டேன். உப்பு நீர் ஊற்றிப் பார்த்தோம். ஒரு குமிழ்கூட வரவில்லை. மனம் லேசானது. ஆனால் அந்தச் சோதனை காற்று கசிகிறதா என்பதை மட்டுமே காட்டும். தையல் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்பதைக் காட்டாது. தசை தளர்வு மருந்தின் கீழ் அசையாமல் கிடந்த தசையின் ஓரங்களைத்தான் சேர்த்திருந்தேன். மருந்து தெளிந்ததும் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 தடவை சுருங்கி இறங்கும். நோயாளி இருமுவார், தும்முவார், முக்குவார். வலப்பக்கமாக இருந்தால் கல்லீரல் அடியில் நின்று ஓரளவு காத்திருக்கும். இடப்பக்கத்தில் இரைப்பைக்கும் நெஞ்சுக்கும் நடுவே என் தையல் மட்டுமே இருந்தது.

நான்கு மாதம் கழித்து வந்தார். “சாப்பிட்டா மூச்சு முட்டுது டாக்டர். இடது பக்கமாப் படுத்தா நெஞ்சுக்குள்ள களக் களக்னு சத்தம் கேக்குது.” நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். மூச்சொலி கேட்க வேண்டிய இடத்தில் குடல் ஓடும் சத்தம் கேட்டது. ஸ்கேனில் இரைப்பையின் பாதி மேலே ஏறியிருந்தது.

சார் கோபப்படவில்லை. “அன்னைக்குப் பேட்ச் வெச்சு அது சீழ் பிடிச்சிருந்தா? இப்போ இடம் சுத்தமா இருக்கு, நிம்மதியா வைக்கலாம்” என்றார். அது உண்மைதான். ஆனால் அவருக்கு மூன்றாவது தையலைப் பற்றித் தெரியாது, நான் சொல்லவில்லை. அன்றைய அறுவை குறிப்பை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்தில் “இழுவிசையின்றி மூடப்பட்டது” என்று இருந்தது. எல்லாக் குறிப்பிலும் எழுதும் வரிதான், கை தானாக எழுதிவிடும். பொய் சொல்ல வேண்டுமென்று எழுதவில்லை. ஆனாலும் அது பொய்.

வேறு வழிகள் இல்லாமலும் இல்லை. மாட்டு இதய உறையிலிருந்து செய்த உயிரிப் பேட்ச் அசுத்தமான இடத்தில் செயற்கையை விடச் சற்றுப் பாதுகாப்பானது என்று பலர் அதை எடுப்பார்கள். அல்லது தசையின் வெளி ஓரத்தை ஒரு விலா எலும்பு மேலே ஏற்றித் தைத்திருந்தால் இழுவை குறைந்திருக்கும். இதெல்லாம் அன்றும் எனக்குத் தெரியும். ஆறு மணி நேரம் நின்ற கால், முடித்துவிடலாம் என்ற எண்ணம், சார் நம்பி விட்டுப்போன வேலையை நாமே முடிக்க வேண்டும் என்ற வீம்பு, இவற்றில் எது “வேண்டாம்” என்று சொல்ல வைத்தது? கிருமி பயம் மட்டும்தான் என்று நினைக்கும் நாட்களும் உண்டு. அந்தக் காரணம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டதோ என்று தோன்றும் நாட்களும் உண்டு.

இரண்டாவது முறை நெஞ்சு வழியாகப் போனோம். சிஸ்டர் எதுவும் கேட்காமல் பேட்ச்சைப் பிரித்துக் கொடுத்தார். தொய்வாக வைத்தால் மூச்சு இழுக்கும்போதெல்லாம் பேட்ச் தசைக்கு எதிர்த்திசையில் மேலே எழும்பும். அதனால் விறைப்பாக வைத்து, வெளி ஓரத்தில் விலா எலும்பைச் சுற்றித் தையல் போட்டோம். அவர் தேறிப் போனார்.

இப்போதெல்லாம் ஒரு தையல் கிழித்தாலே நிறுத்திவிடுகிறேன் என்று எழுத ஆசை. ஆனால் அண்மையில் ஒரு சூலகப் புற்றுநோய் அறுவையில், அதுவும் குடல் திறந்திருந்தபோது, ஒரு தையல் கிழித்த பிறகும் நேராகத்தான் மூடினேன். வலப்பக்கம், ஓட்டையும் சிறியது என்று காரணம் வைத்திருக்கிறேன். குறிப்பில் மட்டும் “ஒரு தையல் கிழிந்தது, மறுபடி போடப்பட்டது” என்று எழுதினேன்.

சிஸ்டரோடு இன்றும் வேலை செய்கிறேன். தசை கிழிந்ததைப் பார்த்துத்தான் அன்று கேட்டாரா, இல்லை எல்லா அறுவையிலும் கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டாரா, தெரியாது. ஒரு நாள் கேட்டுவிடலாம் என்று நினைப்பேன். அப்புறம் அவர் ஊசிகளை எண்ணிக்கொண்டிருப்பார், நான் குறிப்பு எழுதப் போய்விடுவேன்.